நாரி நோவுக்கு ஒரு அளவுக் கொப்பி

என் வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தவன் மெஷின் திருத்துகிற பையன்.

நான் வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைக்கிறவள். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி பிளாட்டின் முன் அறைதான் கடை. தீபாவளிக்கு மூன்று கிழமை இருந்தது. புறக்கோட்டை கெய்சர் வீதியில் லைனிங் துணி வாங்கி, கட்டைத் தூக்கி, நாரியைத் திருப்பி ஓட்டோவுக்குள் தள்ளினேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் காலை முகம் கழுவக் குனிந்தபோது ஒரு தும்மல் வந்தது, அவ்வளவுதான். நாரியில் பிடித்தது இரண்டு நாளில் வலது குண்டிக்கு இறங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் என்று போய்ச் சின்னவிரலில் நின்றது. நான்காம் நாள் பார்த்தால், மெஷின் மிதித்ததும் ஓடுகிறது, பிறகு தானாக மெதுவாகிறது. மோட்டார் பழுதென்று நினைத்துப் பையனைக் கூப்பிட்டேன். அவன் தன் காலால் மிதித்தான். மெஷின் பறந்தது.

"மெஷினில ஒண்டும் இல்லை அக்கா. உங்கட கால்தான் மிதிக்கேல்லை" என்றான்.

இது நடந்து ஒன்றரை வருடம். இப்போது முழு நாளும் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்களில் இரண்டு பேருக்கு ஒருவர் நாரியில் கைவைத்துக்கொண்டுதான் படியேறி வருகிறார்கள். "நீங்கள் எப்படிச் சுகப்பட்டீர்கள்" என்று கேட்பார்கள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது. எனக்கு வந்தது, கீழ்முதுகில், அதாவது நாரியில், முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிற வருத்தம். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. ஒரு நல்ல பிசியோ எனக்குச் செய்யவைத்ததையும், அதை இந்த ஊர்ச் சீவியத்துக்குள் நான் எப்படி நுழைத்தேன் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. மூத்திரம் போக முட்டியும் போகாமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, சைக்கிள் சீற்றில் படுகிற இடம் முழுக்க மரத்துப் போனாலோ, இரண்டு காலும் சேர்ந்து பலமிழந்தாலோ, இதை வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, இரவென்றாலும், ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். முள்ளந்தண்டின் அடியில் வால்போலத் தொங்கும் நரம்புக் கட்டு நசிபடுகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. பிந்தினால் சில விஷயங்கள் திரும்ப வராது. பாதம் திடீரென்று தொங்கினாலும், நோவோடு காய்ச்சல் வந்தாலும், காரணமில்லாமல் மெலிந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலும், தேகப்பயிற்சிக்கு முன்னால் டொக்டர்.

வட்டு வழுக்குவதில்லை

நான் செய்த முதல் பிழை படுத்துக் கிடந்தது. "மூன்று கிழமை அசையாமல் படுங்கள்" என்று ஒருவர் சொன்னார், பெயர் வேண்டாம். ஒன்பது நாள் படுத்தேன். பத்தாம் நாள் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு எடுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை இளகும், மனம் பயப்படும், நோ குறையாது. இன்றைக்கு எந்த நல்ல டொக்டரும் அதைத்தான் சொல்வார்.

இரண்டாவது பிழை, காசு கட்டிப் பத்துத் தடவை சூடு பிடிக்கிற மெஷினிலும் இழுக்கிற மெஷினிலும் போய்க் கிடந்தது. சூடு சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பத்துத் தடவையிலும் ஒருவர்கூட என்னை நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. என் கணக்கில், உங்கள் உடம்பு அசைவதைப் பார்க்காமல் வயரை ஒட்டுகிற இடத்துக்கு இரண்டாம் நாள் போகத் தேவையில்லை.

பிறகு, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு பிசியோவிடம் போனேன். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை, என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அரைமணி நேரம் அவள் எந்த மெஷினையும் தொடவில்லை. குதிக்காலில் நடக்கச் சொன்னாள், நடந்தேன். நுனிவிரலில் நடக்கச் சொன்னாள், வலது குதி சரியாக எழும்பவில்லை. மல்லாந்து படுக்கவைத்து முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினாள், பாதி உயரம் போகமுன்னம் மின்சாரம் அடித்ததுபோல இருந்தது. குதிக்காலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினாள். இடது பாதம் துள்ளியது, வலது சும்மா இருந்தது. பஞ்சால் இரண்டு பாதத்தையும் தடவி எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டாள். உங்களுக்கு இத்தனையும் செய்து பார்த்தால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். வெளியில் தனியாரிடம் போவதென்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

"அன்ரி, இது எஸ் ஒண்டு நரம்பு. மெஷின் மிதிக்கிறதும் அதாலதான்" என்றாள். நாரியில் ஐந்து முள்ளெலும்பு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வட்டு. கால் நோவுக்குக் காரணமாகப் பிதுங்குவது அநேகமாக அடியில் உள்ள இரண்டு வட்டுகளில் ஒன்று. அதில் மேலேயுள்ளது பிதுங்கினால் நோ பொதுவாகப் புறங்காலுக்கும் பெருவிரலுக்கும் போகும், பாதத்தை மேலே தூக்குவது பலவீனப்படும். கடைசி வட்டென்றால் கெண்டைக்கால், குதி, சின்னவிரல். நுனிக்காலால் அழுத்துவது போய்விடும். என்னுடையது இந்தக் கடைசி வட்டு, அது அழுத்துவதுதான் அந்த எஸ் ஒண்டு நரம்பு.

'வட்டு வழுக்கிவிட்டது' என்று ஆட்கள் சொல்வார்கள். வட்டு வழுக்குவதில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். வெளியே பல அடுக்கு நார் வளையம், உள்ளே களிபோல ஒரு கரு. வளையத்தில் கிழிசல் வந்தால் கரு அந்தப் பக்கம் தள்ளும். எனக்கு இது உடனே விளங்கியது. தலையணை உறையின் மூட்டுத்தையல் ஒரு இடத்தில் விட்டால் பஞ்சு அங்கேதான் பிதுங்கும். தலையணையென்றால் பஞ்சை உள்ளே தள்ளித் தைக்கலாம், வட்டில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் உடம்பு தையற்காரியைவிடக் கெட்டிக்காரி. வெளியே வந்ததைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துவிடும். பெரிதாக வெளியே வந்த துண்டுகள்தான் கூடுதலாகக் கரைகின்றனவாம். அநேகம் பேருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் கால் நோ நன்றாகக் குறைகிறது. அதுவரைக்கும் கிழிசலை மேலும் இழுக்காமல் இருப்பதும், நரம்பையும் தசையையும் உயிரோடு வைத்திருப்பதும்தான் நம் வேலை.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்து நான் அழுதேன். 'தேய்வு', 'பிதுக்கம்' என்று மூன்று வட்டுக்கு எழுதியிருந்தது. பிள்ளை சிரித்தாள். நோவே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்களாம். இருபது வயதுக்காரரில் நூற்றுக்கு 30 பேருக்கும், ஐம்பது வயதுக்காரரில் 60 பேருக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்ததாம். "உங்கட மூண்டில ரெண்டு சும்மா இருக்கிறது அன்ரி, நரையைப் போல" என்றாள்.

கொப்பி

என்னைச் சுகப்படுத்தியது எது என்று கேட்டால் நான் கொப்பியைத்தான் காட்டுவேன்.

அவள் ஒருநாளும் "நோ எவ்வளவு?" என்று முதலில் கேட்கவில்லை. "எது வரைக்கும் போகுது?" என்றுதான் கேட்டாள். நோவின் அளவு நாளுக்கு நாள் மாறும். நித்திரை இல்லாவிட்டால் கூடும், வாடிக்கையாளர் சண்டை பிடித்தால் கூடும். நோவின் அடி விளிம்பு பொய் சொல்லாது. சின்னவிரலில் இருந்த நோ கெண்டைக்காலுக்கும், கெண்டையிலிருந்து முழங்கால் பின்பக்கத்துக்கும், தொடைக்கும், குண்டிக்கும் ஏறி, கடைசியில் நாரியின் நடுவில் வந்து நின்றால் நல்ல வழியில் போகிறீர்கள். இப்படி ஏறும்போது நாரி நோ கொஞ்சம் கூடலாம். பயப்படவேண்டாம். அதற்கு மாறாக நாரி சுகமாகி, கால் நோ கீழே இறங்கினால் செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள்.

இந்த விளையாட்டை உலகுக்குச் சொன்னவர் நியூசிலாந்தின் ரொபின் மெக்கன்சி என்ற பிசியோ. 1956இல் வெலிங்டனில் அவரிடம் கால் நோவோடு ஒருவர் வந்தார். போய்ப் படுங்கள், வருகிறேன் என்று இவர் சொல்ல, முன்னால் வந்த நோயாளிக்காகத் தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் அந்த மனிதர் குப்புறப் படுத்துவிட்டார். நாரி பின்னால் வளைந்து கிடக்கிறது. மெக்கன்சி வந்து பார்த்து நடுங்கியிருப்பார். அந்த மனிதரோ, கிழமைக்கணக்கில் இப்போதுதான் கால் நோ இல்லை என்றாராம்.

என்னிடம் வாடிக்கையாளர் அளவுக் கொப்பி இருக்கிறது, தோள், நெஞ்சு, இடுப்பு, கை என்று. அதன் பின்பக்கத்தில் கோடு கீறி எனக்கும் ஒரு பக்கம் போட்டேன். காலையும் இரவும் மூன்று விஷயம்: நோவின் அடி விளிம்பு எங்கே, நோ தாங்காமல் எழும்பமுன்னம் எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது, வலது காலில் மட்டும் நின்று எத்தனை தரம் குதியைத் தூக்க முடிந்தது. முதல் நாள்: 'சின்னவிரல், 6, 2.' இடது கால் இருபது தூக்கியது. நீங்கள் தைக்காதவராக இருந்தால் ஒரு கலண்டர் போதும், ஆனால் எழுதுங்கள். எழுதாவிட்டால் நோ கூடிய நாள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

குப்புறப் படுப்பது

முதல் பயிற்சி கேவலமாகத் தோன்றும்: குப்புறப் படுப்பது. மெத்தை தொய்வாக இருந்தால் தரையில் பாய் விரித்து. கை இரண்டும் பக்கத்தில், முகம் ஒரு பக்கம் திரும்பி, இரண்டு மூன்று நிமிடம். அதுவே முடியாவிட்டால் வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துப் படுத்து, நாளாக நாளாகத் தலையணையை மெல்லியதாக்குங்கள். நான் தலையணையில் தொடங்கி, மடித்த துவாய்க்கு வந்து, நான்காம் நாள் துவாயையும் எடுத்தேன்.

அது பழகியதும் முழங்கையில் ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி, பேப்பர் வாசிப்பதுபோல இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் முக்கியமானது. உள்ளங்கையைத் தோளுக்கு நேரே ஊன்றி, கையை நீட்டி மேலுடம்பைத் தூக்குங்கள். இடுப்பும் காலும் செத்ததுபோலக் கிடக்க வேண்டும். குண்டியை இறுக்கினால் பயன் பாதி. மேலே போனதும் மூச்சை விட்டு வயிற்றைத் தொங்கவிடுங்கள், ஒரு நொடி, பிறகு இறங்குங்கள். பத்துத் தரம். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் செய்தேன். ஒரே மூச்சில் ஐம்பது செய்வதைவிட இது எவ்வளவோ மேல். முதல் இரண்டு மூன்று தரம் நாரி கத்தும். ஏழாவது எட்டாவதில் காலைக் கவனியுங்கள். விளிம்பு ஏறுகிறதா?

ஒரு எச்சரிக்கை. இது எல்லாருக்கும் பொருந்தாது. என் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, அவருக்கு நடந்தால் கால் இழுக்கும், முன்னால் சாய்ந்து தள்ளுவண்டியைப் பிடித்தால் சுகம். அது நரம்புக் குழாய் ஒடுங்குகிற வேறு வருத்தம். அவரைப் பின்னால் வளைக்கச் சொன்னால் நோ கூடும். இரண்டு நாள் செய்தும் உங்கள் விளிம்பு இறங்கிக்கொண்டே போனால் இந்தப் பயிற்சி உங்களுடையது இல்லை. பிசியோ வேறு பக்கத்தால் பார்ப்பார்.

கடையில் குப்புறப் படுக்க முடியாதே என்றால், எழும்பி நின்று இரண்டு கையையும் நாரியில் ஊன்றிப் பின்னால் வளையுங்கள், ஐந்தாறு தரம். பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்யலாம். ஆட்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கதிரைதான் எதிரி

ஒரு நாளில் பயிற்சி எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம். மிச்ச நேரம் முழுக்கக் குனிந்து தைத்தால் அந்த நாற்பது நிமிடம் ஆற்றில் கரைத்த புளி. சுவீடனில் நாகெம்சன் என்ற டொக்டர் வட்டுக்குள் ஊசி விட்டு அழுத்தத்தை அளந்தவர். நிற்கும்போது 100 என்று வைத்தால், மல்லாந்து படுத்தால் 25, உட்கார்ந்தால் 140, உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185. பிறகு வந்தவர்கள் அளந்தபோது நிமிர்ந்து உட்காருவது அவ்வளவு மோசமாக வரவில்லை. குனிந்து உட்காருவது மட்டும் அப்போதும் மோசமாகத்தான் வந்தது. கைத்தையல் போடுகிற எந்தப் பெண்ணையும் பாருங்கள், அந்த 185தான் உட்கார்ந்திருக்கிறது.

நான் செய்தது: மெஷின் மேசையின் நாலு காலுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல். துணி கண்ணுக்குக் கிட்ட வந்தது, கழுத்தும் நாரியும் நிமிர்ந்தன. மேசை உயர்ந்தால் மிதியும் உயர வேண்டும், அதற்குக் கீழே ஒரு பலகை. ஒரு சின்னத் துவாயை உருட்டி நாரி வளைவில் வைத்துக் கதிரையில் கட்டிவிட்டேன். முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயரத்தில் இருக்கிற மாதிரிக் கதிரைக்கு மேலே ஒரு கெட்டியான குஷன். தரையில் குந்தி வெட்டுவதை அடியோடு விட்டு, சாப்பாட்டு மேசையை வெட்டு மேசையாக்கினேன். வீட்டில் முணுமுணுத்தார்கள். கைத்தொலைபேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்து, அடித்ததும் எழும்பிப் பின்னால் வளைவு, தண்ணீர், திரும்ப. ஒரு பிளவுஸ் முடிக்க முக்கால் மணி கூடப் பிடித்தது. அந்தத் தீபாவளிக்கு எடுத்த ஓடரில் பாதியைப் பக்கத்து ஒழுங்கைத் தையற்காரிக்குக் கொடுத்தேன், வேறு வழி இல்லை.

காலை முதல் ஒரு மணித்தியாலம் குனியவே வேண்டாம் என்றாள் பிள்ளை. இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்கின்றன, விடியற்காலையில் அவை இறுகி நிற்கும், அப்போது குனிந்தால் வளையத்தில் இழுவை கூட என்று விளக்கினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதவுச் சட்டத்தில் முதுகை வைத்து, மகள் தையல் சோக்கால் கோடு போட்டாள், காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு பத்துக்கு ஒன்று. இஞ்சி டேப்பை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர் வித்தியாசம். ஐம்பது வயதில் ஒவ்வொரு நாளும் வளர்ந்து தேய்கிறேன்! அன்றிலிருந்து காலையில் துணி வெட்டுவதில்லை. பல் துலக்கும்போதும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்கிறேன்.

கட்டிலிலிருந்து எழும்பும்போது நேரே எழும்பாதீர்கள். முழங்காலை மடித்து, தோளும் இடுப்பும் சேர்ந்து மரக்குற்றி உருளுவதுபோல ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையால் தள்ளி எழும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. மல்லாந்தால் முழங்காலுக்குக் கீழே.

குசினியில் பெரிய வில்லன் திருவலை. அந்தத் தாழ்ந்த பலகையில் குந்தி, குனிந்து, உடம்பை ஆட்டித் தேங்காய் திருவுவது போல வட்டுக்குப் பிடிக்காத வேலை வேறில்லை. மூன்று மாதம் மகன் திருவினான். அவன் இல்லாத நாளில் தேங்காய்ப்பால் மா. சொதி கொஞ்சம் தேய்ந்துதான் போனது. பாத்திரம் கழுவும்போது சிங்க்குக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவைத் திறந்து ஒரு காலை அதன் தட்டில் வையுங்கள், நாரி தளரும். 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு, இரும்பும் சேர்ந்து பாரம் எவ்வளவு கூட என்று தூக்கினவருக்குத் தெரியும், கொண்டுவருகிற பையனுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து அவனையே மாட்டவைக்கலாம். குந்துகிற மலகூடம் என்றால் கொஞ்ச நாளுக்குக் கதிரைக் கொமட். கதிரேசன் கோயிலில் கந்தசஷ்டி ஆறு நாளும் தூணோடு நின்றேன். முருகன் கோபிக்கவில்லை.

நடை, நரம்பு

நடைக்கு மெரைன் டிரைவ் போல வசதியான இடம் எங்களுக்கு வேறில்லை. தட்டை, நேர், காலையில் கடற்காற்று. முதல் நாள் ஐந்து நிமிடம்தான், ஆனால் நாளுக்கு மூன்று தரம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினேன். ஆறாம் கிழமை பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பினேன். கையை வீசி நடக்க வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு கடை பார்க்கிற நடை கணக்கில் சேராது. கடற்கரை மணலில் இறங்காதீர்கள். சரிவும் புதைவும் நாரியை ஒரு பக்கம் இழுக்கும்.

கால் நோ முழங்காலுக்கு மேலே ஏறிய பிறகு நரம்புக்குத் தனிப் பயிற்சி தந்தாள். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது முழங்காலை நீட்டும்போது தலையை உயர்த்தி முகட்டைப் பார்ப்பது, காலை மடக்கும்போது நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவருவது. நரம்பு ஒரு முனையில் இழுபடும்போது மறுமுனையில் விட்டுக் கொடுக்கிறோம். காற்சட்டை நாடாவை ஊசி கோத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருவுவோமே, அதேதான். பத்துத் தரம், பிடித்து நிற்கக்கூடாது, சுள்ளென்று வருமுன்னம் நிறுத்த வேண்டும். தொடைப்பின் இறுக்கம் என்று நினைத்து நின்றபடி கால்விரலைத் தொட முயலாதீர்கள். இறுக்கமாகத் தெரிவது தசை இல்லை, கோபத்தில் இருக்கிற நரம்பு. அதை இழுத்தால் இரவு பழிவாங்கும். எனக்கு வாங்கியது.

பலம்

நான்காம் கிழமையிலிருந்து பலப்படுத்தும் பயிற்சி. முதுகை மடித்து எழும்புகிற வயிற்றுப் பயிற்சி வேண்டவே வேண்டாம். நான் செய்தவை மூன்று, கனடாவில் முள்ளந்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் தெரிந்தெடுத்தவை. மல்லாந்து படுத்து, ஒரு கால் மடித்து, இரண்டு கையையும் நாரிக்குக் கீழே வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்குவது. ஒருக்களித்து முழங்கையிலும் முழங்காலிலும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. நாலுகாலில் நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நேரே நீட்டுவது. ஒவ்வொன்றும் பத்து நொடிக்கு மேல் பிடிக்கத் தேவையில்லை, விட்டு விட்டுச் செய்யலாம். மூன்றாவதற்கு நான் நாரிக்குக் குறுக்கே மர அடிமட்டத்தை வைப்பேன். விழுந்தால் இடுப்பு திரும்பிவிட்டது. முதல் கிழமை அது விழுகிற சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அக்கா மேலே ஏறி வந்து விசாரித்தார்.

குதி தூக்குவது தனி. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, முதலில் இரண்டு காலிலும் ஏறி, பலவீனக் காலில் மட்டும் மெதுவாக இறங்குவது. கொப்பியில் இரண்டு என்று இருந்தது ஆறாம் கிழமை ஒன்பது, பன்னிரண்டாம் கிழமை பதினேழு. மரத்த சின்னவிரல்தான் கடைசியில் வந்தது, ஏழு மாதம் பிடித்தது. நோ போய்ப் பலம் வந்து, பிறகுதான் உணர்ச்சி. இந்த எண் மேலே போகாமல் கீழே போயிருந்தால் அன்றைக்கே டொக்டரிடம் ஓடியிருப்பேன். பலம் குறைந்துகொண்டு போவதுதான் ஒப்பரேஷனை யோசிக்கவைக்கிற காரணம். ஆறு, எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தும் கால் நோ தாங்கமுடியாமல் இருந்தாலும் பேசிப் பார்க்கலாம். வெட்டினால் கால் நோ வேகமாகக் குறையும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெட்டியவரும் பொறுத்தவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்களாம். ஒப்பரேஷன் செய்தவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று பேசுகிற பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது, அது வேண்டாம்.

குனியவும் படித்தேன். தும்புத்தடியை முதுகோடு நேரே பிடிப்பது. பின்தலை, தோள்களின் நடு, வாலெலும்பு, மூன்றும் தடியில் பட வேண்டும். முழங்காலை இளக்கி, குண்டியைப் பின்னால் தள்ளிக் குனிந்தால் மூன்றும் விலகாது. விலகினால் நாரி வளைகிறது. நாளுக்கு இருபது தரம், ஒரு மாதம். இப்போது விழுந்த ஊசியைப் பொறுக்கக்கூட அப்படித்தான் போகிறேன். கைதான் பொறுக்குகிறது, குனிவது இடுப்பு மூட்டு.

கெய்சர் வீதிக்கு நான்காம் மாதம் திரும்பப் போனேன். ஓட்டோவில் போனால் ஒவ்வொரு மேடும் நாரியில் எழுதும். 100, 101 பஸ்ஸில் பின்சில்லுக்கு மேலே உள்ள சீற்றும் அப்படியே. அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு வெள்ளவத்தையில் ரயில் ஏறி, வாசலை விட்டு உள்ளே நின்றபடி கோட்டைக்குப் போய், அங்கிருந்து நடந்தேன். ஒரே கட்டாக வாங்குவதை இரண்டு பையாகப் பிரித்து, கைக்கு ஒன்று. தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பக்கூடாது, பாதத்தை வைத்துத் திரும்ப வேண்டும். கட்டைத் தள்ளிய அன்றைக்கு இது தெரிந்திருக்கவில்லை.

எட்டாம் மாதம் ஒருநாள் திரும்பவும் பிடித்தது, அதுவும் ஒரு தும்மலில்தான். நோ குண்டி வரைக்கும் போனது. அழவில்லை. கொப்பியை எடுத்து 'குண்டி, 15, 18' என்று எழுதி, பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். துவாயிலிருந்து தொடங்கினேன். நான்கு நாள் பிடித்தது. இப்போதெல்லாம் தும்மல் வருவது தெரிந்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டு, சுவரையோ மேசையையோ ஒரு கையால் பிடித்து, நிமிர்ந்து நின்று, நாரியைப் பின்னால் வளைத்துக்கொண்டு தும்முகிறேன். அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தால் முன்னால் நிற்கிற பெண்ணின் தோளைத்தான் பிடிக்கிறேன். முதலில் திடுக்கிடுவார்கள். பிறகு சொன்னால் அவர்களும் அப்படித் தும்மத் தொடங்கிவிடுகிறார்கள்.